கோழிக்கும் கால் நீட்ட இடம் வேண்டும்



பின்கட்டில் நாலு கோழி இல்லாத லயத்து வீட்டை ஒரு காலத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். சம்பளத்துக்கு முந்தின வாரம் விருந்தாளி வந்து நின்றால் கோழிதான் மானத்தைக் காக்கும். காய்ச்சல் விட்டு எழுந்த பிள்ளைக்கு அரைவேக்காட்டு முட்டை. தீபாவளிக்கு இரண்டு சேவல், முனியாண்டி பூசைக்கு ஒன்று. இதெல்லாம் நான் சொல்லித்தானா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

நடுவில் பலரும் விட்டுவிட்டோம். பசாரில் அறுத்துச் சுத்தம் செய்து தருகிறான், எதற்கு இந்தக் கோழிப்பீயோடு மாரடிப்பது என்று நினைத்தோம். பிறகு என்ன ஆயிற்று? 2022 ஜூன் முதல் தேதி, உள்நாட்டில் கோழி போதவில்லை என்று மலேசியா ஏற்றுமதியையே நிறுத்தியது. மாதம் 36 லட்சம் கோழி வெளியே போய்க்கொண்டிருந்ததாம். சிங்கப்பூரில் கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் தவித்துப் போனார்கள். 2023 நவம்பரில் கோழிக்கு இருந்த விலைக் கட்டுப்பாடும் மானியமும் போயின. 2025 ஆகஸ்டில் முட்டை மானியமும் நின்றது. அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் மட்டும் ஆறு வீட்டில் புதிதாகக் கொக்கரக்கோ கேட்கிறது. உங்கள் பக்கமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வாங்கி விடுவது சுலபம். விட்டதைக் காப்பாற்றுவதுதான் பாடு. இதில் ஊரே இரண்டு கட்சி. ஒரு கட்சி, "கோழி என்றால் அவிழ்த்து விடணும், அது பாட்டுக்கு மேயும்" என்னும். மற்றக் கட்சி, "அடைத்து வை, இல்லாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது" என்னும். இரண்டு கட்சியும் என் வீட்டுக்குள்ளேயே சண்டை போட்ட கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் ஓரகத்தி இரண்டு கதவு தள்ளி இருக்கிறாள். கொழுந்தன் தவறி ஆறு வருசம். கோலசிலாங்கூர் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை அவளுக்கு. வாரத்தில் மூன்று நாள் மாலையில் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவவும் போகிறாள். ஒரே மகள், நான்காம் படிவம். பள்ளி வேனுக்கு மாதம் 90 வெள்ளி. அந்த 90 வெள்ளி கோழி முட்டையிலிருந்து வந்தது. பதினான்கு பெட்டைகளும் இரண்டு சேவல்களும் இருந்தன. நாட்டுக்கோழி தினமும் முட்டை இடாது, அடை படுக்கும், இறகு கொட்டும். ஆனாலும் ஒரு நாளைக்கு ஆறு முட்டைக்குக் குறையாது. ஒன்று 80 காசு. கிராணி வீட்டிலும் ஆசிரியர் வீட்டிலும் சொல்லி வைத்து வாங்குவார்கள். வேனுக்குப் போக மிச்சத்தில் தவிடு வந்துவிடும்.

போன வருசம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, நல்ல மழை இரவு, மூசாங் நுழைந்துவிட்டது. காலையில் பார்த்தால் ஒன்பது கோழி கிடக்கிறது. தின்றது ஒன்றோ ஒன்றரையோ. மற்றதெல்லாம் கழுத்தைக் கடித்துப் போட்டது. அதுதான் அந்தச் சாதியின் குணம். காட்டில் ஒன்றைப் பிடித்தால் மற்றவை பறந்துவிடும். கூண்டுக்குள் எதுவும் ஓட முடியாமல் படபடவென்று அடித்துக்கொள்ள, அடிக்கிறதை எல்லாம் அது கடித்துக்கொண்டே போகும். பசிக்காக மட்டும் என்றால் ஒன்றோடு போயிருக்கும்.

அதற்குப் பிறகு அவள் மிச்சமிருந்த ஏழையும் ஒரு பழைய பலகைப் பெட்டிக்குள் அடைத்துவிட்டாள். நாலுக்கு நாலடி இருக்கும். இரவும் பகலும் உள்ளேதான். "அக்கா, வெளியே விட்டால் நாய், உள்ளே விட்டால் மூசாங். பசியோடு இருந்தாலும் உயிரோடு இருக்கட்டும்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஒன்பது போன வயிறு அப்படித்தான் எரியும்.

ஆனால் ஒரு மாதத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஒன்றை ஒன்று கொத்தத் தொடங்கின. முதலில் முதுகு இறகு, பிறகு வால், பிறகு ஒரு பெட்டையின் பின்புறத்தில் இரத்தமே வந்துவிட்டது. கோழிக்கு இரத்தம் கண்ணில் பட்டால் போதும், எல்லாமாகச் சேர்ந்து அதே இடத்தைக் கொத்தும். கீழே எச்சம் சேர்ந்து நெடி ஏறியது. ஆறு பெட்டைகளில் இரண்டு நாளைக்கு ஒரு முட்டை. வேன்காரருக்கு அந்த மாதம் கடன். எல்லாவற்றையும் சீனர் கடைக்கு நிறுத்துப் போட்டுவிடப் போவதாக அவள் சொன்ன அன்றுதான் எங்கள் வீட்டுக்காரர் வாய் திறந்தார். அவர் தோட்டத்தில் முப்பது வருசம் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "விற்காதேம்மா. பெட்டிதான் சின்னது. கோழி மேல் குற்றம் இல்லை" என்றார்.

நம் வீட்டுக் கோழியின் மூதாதை இந்த நாட்டுக் காட்டில் இன்றும் திரியும் சிவப்புக் காட்டுக்கோழிதான். செம்பனைக் காட்டோரம் விடியற்காலையில் கூவிவிட்டுப் பாதியில் வெட்டினாற்போல நிறுத்துமே, அதேதான். நாள் முழுக்கச் சீய்த்துப் பொறுக்குவதற்கென்றே பிறந்த உயிர். காலுக்கு வேலை இல்லாவிட்டால் அலகு அடுத்ததன் மேல் போகிறது. அலகு நுனியைச் சூடு வைத்து வெட்டச் சொன்னார் ஒருவர். எனக்கு அதில் சம்மதமில்லை. கை கால் நீட்ட இடமில்லாத வீட்டில் பிள்ளைகள் சண்டை போட்டால் விரலையா வெட்டுவோம்?

எவ்வளவு இடம் வேண்டும்? இரவு படுக்கும் வீட்டில் கோழி ஒன்றுக்கு நாலு சதுர அடி. பகலில் உலாவும் முற்றத்தில் ஒன்றுக்குப் பத்துச் சதுர அடி. இது குறைந்த கணக்கு; கூட இருந்தால் நல்லது, குறைந்தால் கொத்து ஆரம்பம். ஓரகத்தியின் பின்கட்டை அளந்து பார்த்து, பத்துக் கோழிக்கு மேல் அங்கே வைக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். இடத்தைப் பார்த்துத்தான் எண்ணிக்கை. ஆசைப்பட்டு இருபது வாங்கிவிட்டுப் பிறகு இடம் தேடுவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம்.

கட்டுவதற்கு முன் எதிரி யார் என்று தெரிய வேண்டும். அடிபட்ட இடத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். இரவில் பல கோழி செத்துக் கழுத்திலும் தலையிலும் கடி இருந்தால் மூசாங். நம் பெரியவர்கள் மரநாய் என்பார்கள். மரம் ஏறும், கூரை மேல் நடக்கும், தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். ஒரு கோழி மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போய், இறகுகூடக் கிடக்காவிட்டால் மலைப்பாம்பாக இருக்கலாம். சில சமயம் அது விழுங்கிய வயிற்றோடு வந்த ஓட்டையில் திரும்ப முடியாமல் கூண்டு மூலையிலேயே சுருண்டு கிடக்கும். பகலில் முட்டையும் குஞ்சும் போனால், வடிகால் பக்கம் இருக்கும் உடும்பைப் பாருங்கள். மலாயில் பியாவாக் என்பது. கண்ட இடமெல்லாம் இறகு பறந்து, கோழி குதறப்பட்டுத் தின்னாமல் கிடந்தால் அது நாய். குஞ்சுகள் பட்டப்பகலில் ஒவ்வொன்றாகக் குறைந்தால் பருந்தும் காக்கையும். கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அந்தச் செம்பருந்துக்கும் பசி உண்டு. இரவில் குஞ்சு போய், மூலையில் வளை இருந்தால் பெருச்சாளி. குரங்கு இருக்கும் ஊரில் முட்டைக்கு அதுவும் வரும், சாதாரணக் கொக்கியை அது நம்மைவிட வேகமாகத் திறக்கும்.

கூகையை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். செம்பனைத் தோட்டங்களில் எலிக்காக நிர்வாகமே பெட்டி கட்டி வளர்க்கிற பறவை அது. இரவில் கூரை மேல் அலறுகிறது என்று கல்லால் அடிக்கிறார்கள். பாவம், அது நம் எலியைத்தான் தின்கிறது.

மூசாங் வந்த மறுநாளே பக்கத்து லயத்துப் பெரியவர் ஒருவர், இறைச்சியில் மருந்து கலந்து வை என்று யோசனை சொன்னார். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். அந்த இறைச்சியை முதலில் தின்பது வீட்டு நாயும் பூனையுமாக இருக்கும். அடுத்தது கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் பிள்ளை. தோட்டத்தில் எலிக்குப் போடும் மருந்துக் கட்டியைக் கோழி கொத்தினாலே ஆபத்து, அதைத் தின்று தள்ளாடும் எலியைக் கொத்தினாலும் ஆபத்து. அதோடு சட்டமும் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மலைப்பாம்பையும் உடும்பையும் உரிமம் இல்லாமல் பிடிக்கக்கூடாது. புள்ளிபோட்ட காட்டுப்பூனையைத் தொடவே கூடாது. மலைப்பாம்பு கூண்டில் கிடந்தால் பொதுத் தற்காப்புப் படையையோ தீயணைப்பு நிலையத்தையோ கூப்பிடுங்கள், வந்து பிடித்துப் போவார்கள். ஒன்றைக் கொன்றால் அடுத்த மாதம் இன்னொன்று வரும். செலவை வேலியில் போடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

இனி வேலி. கடையில் கோழி வலை என்று கேட்டால் ஆறு மூலைக் கண் வைத்த மெல்லிய வலையைத் தருவார்கள். பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. அது கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும். வெளியே இருப்பதைத் தடுக்காது. நாய் கடித்து இழுத்தால் பிரிந்துவிடும், பாம்பும் எலியும் அதன் கண்ணுக்குள்ளேயே நுழையும். மூசாங் வந்த கூண்டில் இருந்தது அந்த வலைதான்; ஆணி அடித்த ஒரு மூலையை இழுத்து, நாலு விரல் சந்து செய்துகொண்டது. இரவு வீட்டுக்கு வேண்டியது அரை அங்குலச் சதுரக் கண் வைத்த, ஒட்டுப் போட்ட கம்பி வலை. விலை கூடத்தான். ஆகவே எல்லா இடத்துக்கும் அதைப் போடாமல், இரவு வீட்டின் காற்றுச் சன்னல்களுக்கும், முற்றத்து வேலியின் கீழ் இரண்டடிக்கும் மட்டும் போட்டோம். அதற்கு மேல் பழைய கோழி வலையே போதும். பகலில் ஆள் நடமாட்டம் இருக்கிறதல்லவா?

இரவு வீடு ஆறுக்கு ஏழடி. தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், பழைய பலகையும் தகரமும் வைத்து எங்கள் வீட்டுக்காரர் கட்டினார். கால்களில் வழுவழுப்பான தகரத்தைச் சுற்றி அடித்தார், எலி ஏறாமலிருக்க. உள்ளே படுக்கக் கொம்பு, கோழி ஒன்றுக்குப் பத்து அங்குலம் கணக்கு. முட்டையிட மூன்று பெட்டி. நாலைந்து பெட்டைக்கு ஒன்று போதும். கதவுக்குக் கொக்கி போட்டு, கொக்கிக்கு மேல் ஒரு சாவிக் கொண்டியும் போட்டோம், குரங்குக்காக. கூரைக்கும் சுவருக்கும் இடையில் காற்றுப் போக ஒரு சாண் விட்டு, அங்கேயும் வலை. நம் ஊர்ச் சூட்டில் காற்று இல்லாத கூண்டு அடுப்பு மாதிரி. கோழி வாயைத் திறந்து இறைக்க ஆரம்பித்தால் முட்டையை மறந்துவிடலாம்.

ஊரிலிருந்து வந்த நம் பாட்டிமார் பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் கோழியை மூடி, மேலே ஒரு கல்லை வைத்தார்கள். திண்ணையில் ஆள் படுத்திருந்த காலத்துக்கு அது சரி. மூசாங்குக்கு அது எம்மாத்திரம்?

முற்றம் இருபதுக்குப் பத்தடி. நடுவில் ஒரு தடுப்புப் போட்டு இரண்டாகப் பிரித்தோம். நாங்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மூன்று வாரம் ஒரு பக்கம், மூன்று வாரம் மறு பக்கம். கோழி ஒரே இடத்தில் இருந்தால் பத்து நாளில் புல் போய்க் களிமண் மட்டும் மிஞ்சும், மழை பெய்தால் எச்சமும் சேறும் கலந்து காலெல்லாம் புண்ணாகும், குடல் புழுவும் பெருகும். ஓய்வெடுக்கும் பக்கத்தில் ஓரகத்தி சர்க்கரைவள்ளிக் கொடியை ஊன்றிவிடுகிறாள். மாற்றி விடும் நாளில் கோழிக்கு அது கல்யாணச் சாப்பாடு. சேறாகும் இடத்தில் காய்ந்த இலையும் மரத்தூளும் கொட்டிவைத்தால் சீய்க்கவும் வேலை கிடைக்கும்.

வேலி அடியில் ஒரு விஷயம். நாய் தோண்டாமலிருக்க வலையை ஓரடி புதைக்கச் சொல்வார்கள். எங்கள் மண்ணில் ஓரடி தோண்டினால் தண்ணீர் ஊறும், வலை ஒரே வருசத்தில் துருப்பிடித்துவிடும். ஆகவே வேலிக்கு வெளிப்புறமாக இரண்டடி அகலத்துக்கு வலையைத் தரையோடு தரையாக விரித்து, செங்கல் வைத்து அழுத்திவிட்டோம். நாய் எப்போதும் வேலியின் ஓரத்தில்தான் தோண்டும். காலில் கம்பி தட்டினால் விட்டுவிடும். இரண்டடி பின்னால் போய்த் தோண்டும் புத்தி அதற்கு வராது.

மேலே பருந்துக்காகக் கிழிந்த மீன்வலையை இழுத்துக் கட்டினோம். மீன்பிடிக் கம்பத்தில் சும்மாவே கொடுத்தார்கள். பாதிக்கு மேல் பாகற்கொடியை ஏற்றிவிட்டாள். கோழிக்கு நிழல், நமக்குக் குழம்பு. தூரியன் பழம்போல் குண்டாக ஒரு பெட்டை இருக்கிறது, அதுதான் அந்த நிழலை முதலில் பிடித்துக்கொள்ளும்.

புழுதிக் குளியலுக்கு ஒரு பழைய டயரில் காய்ந்த மண்ணும் விறகுச் சாம்பலும். பேன் போவதற்கு இதைவிடச் சிறந்தது இல்லை. டயரைக் கூரைக்கு அடியில் வையுங்கள். மழைத் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும். பின்னாலேயே சுகாதார அதிகாரி அபராதச் சீட்டோடு வருவார்.

மொத்தச் செலவு 280 வெள்ளி, அதில் பெரும் பங்கு சதுரக் கண் வலைக்கு. கூட்டுச் சீட்டில் அந்த மாத முறையை நான் விட்டுக்கொடுத்து அவளை எடுக்க வைத்தேன்.

முற்றம் கட்டிய பிறகும் கட்சிச் சண்டை முழுதாக ஓயவில்லை. மாலையில் ஒரு மணி நேரமாவது வெளியே விட வேண்டும் என்பது என் கட்சி. புழு பூச்சி, கறையான், இளம் புல், இதெல்லாம் வேலிக்குள் போதுமான அளவு கிடைக்காது. மஞ்சள் கரு வெளிறிப் போவதைப் பார்த்தாலே தெரியும். அவள் கட்சி, கூடவே கூடாது. கடைசியில் இப்படி முடிந்தது: ஐந்தரை மணிக்கு யாராவது பெஞ்சில் உட்கார்ந்தால்தான் கதவு திறக்கும். ஆள் இல்லாத நாளில் திறப்பதில்லை. வெளியே விடும் முன் வயிறு நிறையத் தீவனம் கொடுக்கக்கூடாது. பசியோடு விட்டால்தான் தவிட்டுத் தட்டைத் தட்டி "பா, பா" என்றதும் ஓடி வரும். மருந்து தெளித்த நாளில் அறவே விடுவதில்லை. பராகுவாட் 2020 ஜனவரியிலிருந்து தடையாகிவிட்டது என்றாலும், தெளிப்பது எதுவானாலும் கோழிக்கு ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தெளிக்கும் தேதியை மண்டோரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

ஏழு மணிக்கு இருட்டும் முன் கோழி தானாக ஏறிவிடும். ஏழேகாலுக்கு எண்ணிப் பார்த்துக் கதவைப் பூட்ட வேண்டும். எண்ணாமல் பூட்டாதீர்கள், வெளியே தங்கிய ஒன்றின் சத்தம்தான் மற்ற எதிரியை வீட்டுக்கு அழைத்து வரும்.

நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. மலாய்க்காரர்கள் சம்பார் என்பார்கள், நம் சாம்பார் இல்லை. நாம் சொல்லும் ராணிக்கெட் நோய். மூசாங் ஒன்பதைக் கொன்றால் இது கூண்டையே காலி செய்யும். 1980களில் செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்தில், சூட்டைத் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீவனத்தில் பூசிக் கம்பத்துக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்கட்டுக் கோழிக்கும் மருந்து உண்டு என்பது அன்றிலிருந்து தெரிந்த சங்கதி. உங்கள் வட்டாரக் கால்நடை அலுவலகத்தில் கேளுங்கள். புதுக்கோழி வாங்கினால் இரண்டு வாரம் தனியே வைத்துவிட்டுச் சேருங்கள். பல கோழி ஒன்றாகத் திடீரென்று செத்தால் அறுத்துப் பங்கு போடாமல் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். 2004இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்தது கம்பத்துக் கோழிகளுக்குத்தான்.

பட்டணத்து வீடமைப்பில் இருக்கும் சகோதரிகள் முதலில் நகராண்மைக் கழகத்தில் அனுமதி உண்டா என்று விசாரியுங்கள். தோட்டத்திலும் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது, கட்டியபின் பிரிக்கச் சொன்னால் வலைக்காசு வீண். பக்கத்து வீட்டுக்கும் மாதம் இரண்டு முட்டை கொடுத்துவிடுங்கள். சேவல் நாலு மணிக்குக் கூவுவது அப்போது அவ்வளவாகக் காதில் விழாது.

ஓரகத்தியிடம் இப்போது ஒன்பது பெட்டையும் ஒரு சேவலும் இருக்கின்றன. கொத்து நின்றுவிட்டது, முதுகில் புது இறகு முளைத்துவிட்டது. முட்டை நாளைக்கு நாலு, சில நாள் ஐந்து. வேன் காசு வருகிறது, தவிட்டுக்கு இன்னும் கொஞ்சம் கையிலிருந்து போடுகிறாள். ஜனவரியில் மகளுக்கு மாலை டியூஷன் தொடங்கியபோது ஏழேகால் கதவுக்கு யார் என்ற பிரச்சினை வந்தது. இவள் கடைக்குப் போகும் மூன்று நாளும் வீடு பூட்டியிருக்கும். திங்களும் புதனும் எங்கள் வீட்டுக்காரர் போய் எண்ணிப் பூட்டிவிட்டு வருகிறார். வெள்ளிக்கிழமை அவர் கோயிலில் இருப்பார். அன்றைக்கு நான் போகிறேன்.